ஏழாம் கேள்விக்கு ஐந்து மதிப்பெண்

சுரங்கத்தின் அடித்தளத்தில் மழை பெய்துகொண்டிருந்தது. மேலே டவுன்ஷிப் சாலைகளில் பெய்த அதே மழைதான். ஆனால் கீழே அது நேராக விழாது. பள்ளத்துக்குள் சுழலும் காற்றில் பக்கவாட்டில் வந்து, குடைக்கு அடியில் நுழைந்து, கண்ணாடியில் அடிக்கும்.

இருபத்திரண்டு பேர் ஒரே வரிசையில் நின்றார்கள். எல்லோர் தலையிலும் புது ஹெல்மெட். எல்லோர் காலிலும் புது பூட்ஸ். அவர்களுக்கு எதிரே நிலக்கரி கொண்டுபோகும் பெல்ட் ஓடாமல் நின்றது. அதன் முனையில் இருக்கும் பெரிய இரும்பு உருளையில், அதற்கு ட்ரம் என்று பெயர், களிமண்ணும் ஈரக் கரியும் சேர்ந்து யானைக்கால் போல அப்பியிருந்தது.

நான் ஒரு கையில் குடையும், மறு கையில் பாலிதீன் உறை போட்ட கோப்புமாக வரிசையின் கடைசியில் நின்றேன். கோப்புக்குள் அந்த இருபத்திரண்டு பேரின் விடைத்தாள்கள். அவற்றைச் சுரங்கத்துக்கு எடுத்து வரும்படி யாரும் சொல்லவில்லை. முடிவில் அதிகாரி கையெழுத்திடும் வரை ஒரு தாளையும் கண்ணுக்கு மறைவாக விடுவதில்லை என்பது என் வழக்கம்.

"பார்த்தீங்களா?" என்றார் பயிற்சி அதிகாரி ராமநாதன். மழையில் அவர் முகம் மலர்ந்திருந்தது. "கொஸ்டின் நம்பர் செவன்! கண்ணுக்கு எதிர்ல நடக்குது. இந்த அதிர்ஷ்டம் எந்த பேட்ச்சுக்கும் கிடைச்சதில்ல."

அதிர்ஷ்டம் எத்தகையது என்பதைச் சொல்வதற்கு முன், கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

ஒரு திருத்தம்

சென்ற இதழில், பதினோராம் பிளாக் பஸ் நிறுத்தத்தில் பூவரச மரம் இருந்ததாக எழுதியிருந்தேன். அது வேப்பமரம் என்று ஒரு வாசகர் கார்டு போட்டிருக்கிறார். என் நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். அவர் சொல்வதே சரி. பூவரசு இருந்தது அதற்கு அடுத்த நிறுத்தம். வருந்துகிறேன்.

ஒன்பது நாள் நாற்காலி

நான் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து இங்கே வேலையில் சேர்ந்தபோது எனக்குப் பயிற்சி எதுவும் தரவில்லை. நியமன உத்தரவை வாங்கிப் பார்த்த கண்காணிப்பாளர், "அங்க உட்காருங்க" என்று ஒரு நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன். மேசை இல்லை. நாற்காலி மட்டும்.

ஒன்பது நாள் உட்கார்ந்திருந்தேன். காலை வணக்கம் சொல்வேன். மாலை வருகிறேன் சொல்வேன். யாரும் ஒரு வேலையும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால் ஆள் அதிகம் என்று திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். பத்தாம் நாள் பொறுக்க முடியாமல், பக்கத்து அலமாரியிலிருந்த கோப்புகளைத் தேதி வாரியாக அடுக்கினேன். அன்றிலிருந்து அதுவே என் வேலையாகிவிட்டது. அந்த வேலையைச் செய்ய ஏற்கெனவே ஒருவர் இருந்தார் என்பதும் அவர் ஆறு மாத விடுப்பில் போயிருந்தார் என்பதும் பிறகுதான் தெரிந்தது.

பிற்காலத்தில் என்னைப் பயிற்சி நிலையத்துக்கு மாற்றியபோது ஒரு முடிவு செய்துகொண்டேன். புதிதாகச் சேரும் ஒருவரும் என்னைப் போல உட்கார்ந்திருக்கக் கூடாது.

அந்த நல்லெண்ணத்தில் நான் உருவாக்கியதுதான் சேர்க்கைச் சீட்டு. பதினான்கு கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கையெழுத்து. மருத்துவம், டோக்கன், புகைப்படம், பூட்ஸ், ஹெல்மெட், கேண்டீன் என்று வரிசை. ஒரு கட்டம் நிரம்பாமல் அடுத்த கட்டத்துக்குப் போக முடியாது. ஸ்டோரில் பூட்ஸ் வாங்க டோக்கன் எண் வேண்டும். டோக்கனுக்குப் புகைப்படம் வேண்டும். புகைப்படம் எடுப்பவர் ஸ்டோரின் மாடியில் இருந்தார். பூட்ஸ் இல்லாதவரை ஸ்டோர் வாசலுக்குள் விடமாட்டார்கள்.

இது என் பிழை அல்ல. வரிசை சரியாகத்தான் இருந்தது. மாடிப்படி தவறான இடத்தில் இருந்தது.

எப்படியானாலும், புதியவர்கள் யாரும் நாற்காலியில் உட்காரவில்லை. பதினைந்து நாளும் நடந்துகொண்டே இருந்தார்கள்.

கோடி ஆண்டுகளும் ஒன்பது விடுப்புகளும்

நடை போக மிச்ச நேரத்தில் வகுப்பு. முதல் நாள் முழுவதும் நிலக்கரி உண்டான வரலாறு. பல கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே அடர்ந்த காடு இருந்தது என்று ராமநாதன் தொடங்குவார். பதினொரு மணித் தேநீருக்குள் காடு மண்ணில் புதைந்துவிடும். சாப்பாட்டு மணிக்குள் கரியாகிவிடும். சாப்பாட்டுக்குப் பின் அதைத் தோண்டத் தொடங்கும்போது வகுப்பில் பாதிப் பேர் தாங்களே புதைந்திருப்பார்கள்.

எல்லோரும் விழித்திருந்த ஒரே வகுப்பு, விடுப்பு விதிகள். ஒன்பது வகை விடுப்பு உண்டு. எங்களிடம் பயிற்சி பெறுபவர்கள் சுரங்கத்தை ஒருமுறை பார்ப்பதற்கு முன்பே, அங்கே வராமல் இருக்க ஒன்பது வழிகளை மனப்பாடமாக அறிந்திருந்தார்கள்.

பதினைந்தாம் நாள் எழுத்துத் தேர்வு; சுரங்கப் பார்வையும் மிச்ச வகுப்புகளும் அதற்குப் பிறகு. பத்துக் கேள்வி, ஐம்பது மதிப்பெண், தேற இருபத்தைந்து. தேறாதவருக்கு ஒரே ஒரு மறுதேர்வு. அதிலும் தேறாவிட்டால் சேர்க்கை ரத்து. வினாக்களும் விடைக்குறிப்பும் ராமநாதன் தயாரித்தவை. அதை வைத்து மதிப்பெண் போடுவது நான்.

ஏழாம் கேள்வியையும் அதன் விடைக்குறிப்பையும் அப்படியே தருகிறேன்.

கேள்வி: ட்ரம்மில் களிமண் ஒட்டி பெல்ட் வழுக்கினால் நீங்கள் செய்ய வேண்டியது என்ன?

விடை: பெல்ட் ஓரமாகச் செல்லும் கயிற்றை இழுத்து பெல்ட்டை நிறுத்த வேண்டும் (1). மேற்பார்வையாளருக்குத் தெரிவிக்க வேண்டும் (1). ஒப்பந்தத் தொழிலாளியை அழைத்துச் சுத்தம் செய்யச் சொல்ல வேண்டும் (1). பாதுகாப்பான தூரத்தில் நிற்க வேண்டும் (1). சரியான வரிசையில் எழுதியதற்கு (1).

பல பேட்ச்சுகள் இந்தக் கேள்விக்கு ஐந்துக்கு ஐந்து வாங்கிச் சென்றன. குறிப்பாக, பாதுகாப்பான தூரம் யாருக்கும் மறந்ததில்லை.

கலியபெருமாள்

அந்த பேட்ச்சில் இருபத்தொரு பேர் வெளியூர். டிப்ளமோ, ஐ.டி.ஐ. படித்தவர்கள். இருபத்திரண்டாமவர் கலியபெருமாள். மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடு. சேத்தியாத்தோப்புப் பக்கம் வயல் கூலிக்குப் போன குடும்பம். எட்டு வருடம் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் ஆளாக வேலை பார்த்து, எத்தனையோ மனு, எத்தனையோ மறியலுக்குப் பிறகு வந்த உத்தரவில் நிரந்தரமாக்கப்பட்டவர்.

உத்தரவில் 'புதிதாகச் சேர்பவர்' என்று இருந்ததால், எட்டு வருடம் உள்ளே இருந்த மனிதருக்கும் சுரங்கம் என்றால் என்ன என்று முதலிலிருந்து சொல்லிக்கொடுத்தோம். எங்கள் சுரங்கத்து நிலக்கரி எந்த நிறம் என்று ராமநாதன் கேட்டபோது அவர் எழுந்து நின்று, "பழுப்புங்க. துப்புனாலும் அதே கலர்தாங்க" என்றார்.

தேர்வில் அவர் இருபத்துமூன்று வாங்கினார். இரண்டு குறைவு.

ஏழாம் கேள்விக்கு அவர் எழுதியிருந்தது: "கயிறு இழுத்து நிறுத்துவேன். மம்முட்டியில் பழைய ஆயில் தடவி, கீழ்ப்பக்கமாக ஆரம்பித்து நானே எடுப்பேன்."

பண்ருட்டிக்காரர்கள் பலாப்பழம் அறுக்கும்போது பால் ஒட்டாமல் இருக்கக் கையில் எண்ணெய் தடவிக்கொள்வார்கள். அதே முறை. சிவப்புப் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நான் அதை ரசித்தேன் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் விடைக்குறிப்பில் ஆயில் இல்லை. 'நானே எடுப்பேன்' என்பதும் இல்லை. கயிறு இழுத்ததற்கு ஒன்று போட்டேன்.

முடிவைப் பலகையில் ஒட்டியபோது திருச்சிக்காரரான செல்வராஜ் சத்தமாகவே கேட்டார்: "என்ன அண்ணே, எட்டு வருஷம் உள்ளேயே இருந்தும் ஃபெயிலா?"

"உள்ளயே இருந்ததாலதான் தம்பி," என்றார் கலியபெருமாள். "நீங்கல்லாம் வெளிய இருந்து படிச்சீங்க."

சிரிப்பு எழுந்தது. ஆனால் அவர் கை, சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த உத்தரவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டதை நான் கவனித்தேன். மறுதேர்வு அடுத்த திங்கட்கிழமை.

ஞாயிற்றுக்கிழமை வருகை

அந்த ஞாயிறு காலை, மறுதேர்வுக்கு எட்டு நாள் இருக்கும்போது, கலியபெருமாள் தன் மனைவி அஞ்சலையோடு என் குவார்ட்டர்ஸுக்கு வந்தார். அஞ்சலை கையில் ஒரு பை. என்ன என்று கேட்டேன். முந்திரிப்பருப்பு என்றார். வாங்க இயலாது என்றேன். "உங்களுக்கு இல்ல சார். அம்மாவுக்கு" என்று உள்ளே பார்த்தார். என் மனைவியும் வேண்டாம் என்று தலையசைத்தார். பையைப் பார்த்தபடியேதான் அசைத்தார்.

"சார், நான் அஞ்சாவது படிச்சிருக்கேன்" என்றார் அஞ்சலை. "இவுரு எட்டாவது. இருந்தாலும் நான்தான் தெனம் சொல்லிக் குடுக்கறேன். ஏழாவது கேள்விகிட்ட மட்டும் மாடு மாரி நின்னுகினு இருக்காரு. நீங்களே கேளுங்க."

கேட்டேன். கலியபெருமாள் கைகட்டி நின்று ஒப்பித்தார். "கயிறு இழுத்து நிறுத்தணும். மேஸ்திரிக்குச் சொல்லணும்."

"மேற்பார்வையாளர்."

"மேற்பார்வையாளருக்குச் சொல்லணும். அப்பறம் கான்ட்ராக்ட் ஆளைக் கூப்புடணும்." நின்றுவிட்டார். "யாரைங்க கூப்புடறது?"

"யாரையாவது. பெயர் எழுத வேண்டாம்."

"இல்லைங்க, அந்த ட்ரம்முக்கு நானும் வீராசாமியும்தாங்க. அவன் போன பேட்ச்சிலயே பர்மனென்ட் ஆயி ஒர்க்‌ஷாப்புக்குப் போயிட்டான். மிச்சம் நான்தாங்க. நான் கூப்புட்டா நான் எப்பிடிங்க வருவேன்?"

"பாத்தீங்களா சார்?" என்று அஞ்சலை தலையில் கை வைத்துக்கொண்டார். "யோவ், பேப்பர்ல எழுதறதுக்கு ஆளு எதுக்குய்யா? கூப்புடுவேன்னு எழுது. தள்ளி நிப்பேன்னு எழுது. எட்டு வருஷமா கெடந்துட்டு, ரெண்டு மார்க்குல என்னைத் திரும்பவும் கான்ட்ராக்டுகாரன் வூட்டு வாசல்ல நிக்க வெச்சிடாத."

அவர் தலையைக் குனிந்தபடி "சரி, எழுதறேன்" என்றார். முந்திரிப்பருப்பைத் திருப்பி எடுத்துப்போனார்கள். என் மனைவி அன்று மாலை வரை என்னோடு அதிகம் பேசவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். கலியபெருமாள் கேட்ட கேள்விக்குப் பதில் என் அலுவலக மேசையில் இருந்தது. அந்த ட்ரம்முக்குப் புதிய கான்ட்ராக்ட் ஆட்கள் இரண்டு பேருக்கு அனுமதிச் சீட்டு கேட்டு விண்ணப்பம் வந்திருந்தது. அனுமதிச் சீட்டு தருவதற்கு முன் அவர்களுக்கு அரை நாள் பாதுகாப்பு வகுப்பு எடுக்க வேண்டும். வகுப்பறை ஒன்றே. அதில் பதினைந்து நாளாக இந்த இருபத்திரண்டு பேர் இருந்தார்கள். ஆகவே விண்ணப்பங்கள் இரண்டையும் தேதி முத்திரையிட்டு, குண்டூசி குத்தி, நிலுவைத் தட்டில் வைத்திருந்தேன். ஒழுங்காகத்தான் இருந்தன.

மீண்டும் மழை

அந்த வாரம் வியாழக்கிழமைதான் சுரங்கப் பார்வை. இப்போது பெல்ட் நின்ற இடத்துக்கு வருகிறேன்.

"செல்வராஜ்! ஸ்டெப் நம்பர் ஒன்?" என்றார் ராமநாதன்.

"கயிறு இழுத்தாச்சு சார்."

"டூ?"

"மேற்பார்வையாளருக்குச் சொல்லியாச்சு சார்."

"த்ரீ?"

இருபத்தொரு குரல்கள் சேர்ந்தாற்போல, "ஒப்பந்தத் தொழிலாளியை அழைக்க வேண்டும்!"

"ஃபோர்?"

எல்லோரும் நான்கடி பின்னால் போனார்கள். ராமநாதன் நெகிழ்ந்துபோனார்.

அப்படியே நாற்பது நிமிடம் நின்றோம். என் கைக்கடிகாரத்தின் கணக்கு. ஒப்பந்தத் தொழிலாளி வரவில்லை. மழை நாளில் எல்லா பெல்ட்டிலும் மண் ஒட்டும். மற்ற ட்ரம்களின் ஆட்கள் அங்கங்கே மாட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்துத் தகரக் கொட்டகையில் டெலிபோன் அடித்தது. அனல்மின் நிலையத்திலிருந்து. கரி வரவில்லை, கிடங்கு காலியாகிறது.

ஷிப்ட் இன்ஜினியர் தங்கராஜ் ஜீப்பில் வந்து இறங்கினார். முழங்கால் வரை சேறு. "எங்கய்யா இந்த ட்ரம் ஆளு? கலியனைக் கூப்பிடு!"

வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. "இங்க இருக்கேன் சார்."

தங்கராஜ் புது ஹெல்மெட்டையும் பூட்ஸையும் மேலும் கீழும் பார்த்தார். "நீ என்னடா மாப்பிள்ளை மாதிரி நிக்கிற? இறங்கு."

"இறங்கக் கூடாது" என்றார் ராமநாதன். "ஹி ஈஸ் எ ட்ரெய்னி. ட்ரெய்னி சாதனத்தைத் தொடக்கூடாது."

"அப்ப வேற யாரு சார் இறங்கறது?"

"கான்ட்ராக்ட் லேபர்."

"அது இவன்தானே சார்!"

"இருந்தார். இப்ப இல்ல."

டெலிபோன் மறுபடி அடித்தது. தங்கராஜ் என் பக்கம் திரும்பினார். "சுப்பையா, பையில பாஸ் புத்தகம் இருக்கா? இன்னிக்கு ஒரு நாளைக்கு இவனுக்கு கான்ட்ராக்ட் பாஸ் எழுதுங்க. பழைய ஆளா இறங்கட்டும். வேலை முடிஞ்சதும் திரும்ப ட்ரெய்னியா ஏறட்டும்."

அனுமதிச் சீட்டுப் புத்தகம் இருந்தது. எப்போதும் இருக்கும். ராமநாதனுக்கு இந்த யோசனை பிடித்திருந்தது. விடைக்குறிப்புக்கு இது ஒத்துப்போகும். எழுதுங்கள் என்று கையசைத்தார்.

நான் பேனாவைத் திறந்தேன். மூடினேன்.

"சார், நிரந்தர உத்தரவில் நான்காம் பத்தி" என்றேன். "உத்தரவு தேதிக்குப் பிறகு ஒப்பந்தக்காரரிடம் ஒரு நாள் வேலை செய்திருந்தாலும் சேர்க்கை ரத்து."

கலியபெருமாள் வரிசையிலிருந்து ஓரடி முன்னால் வந்தார்.

"அந்தச் சீட்டு எழுதுனா நான் திரும்ப கான்ட்ராக்டுங்களா?" என்று கேட்டார் கலியபெருமாள்.

"ஆமாம்."

அவர் ட்ரம்மைப் பார்த்தார். தங்கராஜைப் பார்த்தார். எட்டு வருடத்தில் இப்படி ஒரு ட்ரம்மைப் பார்த்தபடி அவர் சும்மா நின்றதில்லை என்பது அவர் கைகளின் தவிப்பிலேயே தெரிந்தது. பிறகு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அப்ப நான் பாதுகாப்பான தூரத்துலயே நிக்கறேங்க."

பதினொன்று இருபது

தங்கராஜ் சிரிக்கவில்லை. "கலியா, கிடங்கு காலியாவுதுடா."

"தெரியுதுங்க. அரை மணி நேர வேலைங்க. எனக்கு எறங்கறதுல ஒண்ணும் இல்ல. ஆனா எறங்கறேன்னு எழுதுனதுக்குத்தாங்க ஃபெயில் ஆக்குனாங்க. எறங்குனா என்ன ஆக்குவாங்களோ."

தங்கராஜுக்கு விளங்கவில்லை. நான் பாலிதீன் உறையைப் பிரித்து, இருபத்திரண்டாம் தாளை எடுத்து, ஏழாம் விடையைக் குடைக்குக் கீழே வாசித்தேன்.

"இதுக்கு எத்தனை குடுத்தீங்க?"

"ஒன்று."

"அஞ்சுக்கா?"

"ஐந்துக்கு. அதுவும் கயிறு இழுத்ததற்கு."

மூன்றாம் முறையாக டெலிபோன் அடித்தது. தங்கராஜ் அதை எடுத்தார். கேட்டார். ரிசீவரை ராமநாதன் பக்கம் நீட்டினார். "சார், நீங்களே சொல்லிடுங்க. ட்ரம்மைச் சுத்தம் பண்ணத் தெரிஞ்ச ஆள் இங்கதான் நிக்கிறாரு, பரீட்சையில ரெண்டு மார்க் குறையுதுன்னு."

ராமநாதன் ரிசீவரைப் பார்த்தார். பிறகு என் பேனாவைப் பார்த்தார். வாழ்நாளில் ஒரு விடைக்குறிப்பையும் மாற்றாத மனிதர். "விடை... அதர்வைஸ் கரெக்ட்" என்றார் மெல்ல.

ஒன்றை அடித்து ஐந்து என்று எழுதினேன். பக்கத்தில் நான் சுருக்கொப்பம் இட்டேன். அவர் அதன் கீழே இட்டார். தாளின் அடியில், 'பயிற்சி நிறைவு, தேர்ச்சி' என்று எழுதி நேரம் குறித்தேன். முற்பகல் பதினொன்று இருபது.

"கூட்டிப் பாருங்க சார்" என்றார் கலியபெருமாள்.

"இருபத்தேழு."

"இன்னொரு தடவை."

கூட்டினேன். இருபத்தேழுதான்.

அவர் உட்கார்ந்து புது பூட்ஸைக் கழற்றி, கொட்டகைக்குள் நனையாத மூலையில் வைத்துவிட்டு, அங்கே கிடந்த பழைய ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டார். மண்வெட்டியை எடுத்துக் கழிவு எண்ணெய் டின்னில் தோய்த்தார். அவர் எங்கே கை வைக்கப்போகிறார் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தபோது, நான் இன்னொன்றும் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டியதில்லை. ஆனால் விதி விதிதான்.

"பயிற்சி விதி பன்னிரண்டு. அந்த வேலையில் அனுபவமுள்ள நிரந்தர ஊழியர் ஒருவரின் நேரடி மேற்பார்வையில் பயிற்சி பெறுபவர்கள் சாதனத்தைத் தொடலாம்."

பன்னிரண்டாம் விதியை அதுவரை யாரும் பயன்படுத்தியதில்லை. காரணம் எளிது. இந்த வேலையில் அனுபவமுள்ளவர்கள் யாரும் நிரந்தரமில்லை. நிரந்தரமானவர்களில், ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விட்ட வீராசாமியைத் தவிர, யாருக்கும் இந்த வேலையில் அனுபவமில்லை. பதினொன்று இருபதிலிருந்து அப்படி ஒருவர் இருந்தார்.

கலியபெருமாள் வரிசையை ஒருமுறை பார்த்தார். மற்ற இருபத்தொரு பேருக்கும் திங்கட்கிழமைதான் பயிற்சி நிறைவு; அதுவரை அவர்கள் ட்ரெய்னிதான்.

"வாங்க திருச்சி" என்றார் செல்வராஜிடம். "நீங்கதான் அஞ்சுக்கு அஞ்சு வாங்குன ஆளு. கடப்பாறையைப் புடிங்க. மேல குத்தாதீங்க, கட்டி மண்டையில எறங்கிரும். கீழ இருந்து வழி விடணும்."

"அண்ணே, சட்டை..."

"சட்டைக்கு ஒம்போது வகை லீவு இருக்குது தம்பி. எறங்குங்க."

ஆறு ஆறு பேராக இறக்கினார். அரை மணியில் ட்ரம் இரும்பு நிறத்துக்கு வந்தது. பெல்ட் ஓடத் தொடங்கியபோது, சேறு அப்பிய இருபத்திரண்டு பேரில் யார் டிப்ளமோ, யார் ஐ.டி.ஐ. என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. டோக்கன் எண்ணைக் கேட்டுத்தான் வருகையைக் குறித்தேன். பாதுகாப்பான தூரத்தில் நின்றது ராமநாதன் ஒருவர் மட்டும்தான்.

பிற்பகல் வகுப்பில், நிறுவனத்தின் நிர்வாக அடுக்குகள் பற்றிப் பாடம். ஒருவரும் தூங்கவில்லை. உலர்ந்த களிமண் அரித்துக்கொண்டே இருந்தது.

ராமநாதன் என்னை அழைத்து, ஏழாம் விடையைத் திருத்தி விடைக்குறிப்பைப் புதிதாகத் தட்டச்சு செய்யச் சொன்னார். "நானே எடுப்பேன்னு போடுங்க. ஆயிலும் போடுங்க. அடுத்த பேட்ச் இதைத்தான் மனப்பாடம் பண்ணணும்." நிலுவைத் தட்டிலிருந்த இரண்டு விண்ணப்பங்களையும் அன்றே கையெழுத்துக்கு வைத்தேன்.

அஞ்சலையின் கேள்வி

மறுநாள் காலை எட்டே முக்கால் மணிக்கு நான் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது அஞ்சலை என் மேசைக்கு முன் வந்து நின்றார். கண் வீங்கியிருந்தது.

"அவுர திரும்ப கான்ட்ராக்டுலயே போட்டுட்டீங்களா சார்?"

"யார் சொன்னது?"

"யாரு சொல்லணும்? நேத்து தலையிலேர்ந்து காலு வரைக்கும் சேறா வந்து நின்னாரு. எட்டு வருஷமா எப்பிடி வருவாரோ அப்பிடியே. கேட்டா, பர்மனென்ட் ஆயிட்டேன்னு சொல்லிச் சிரிக்கிறாரு. பொய்யி சொல்றாருன்னு நான் சோறே போடல."

விடைத்தாளை எடுத்துக் காட்டினேன். இரண்டு சுருக்கொப்பங்கள், கூட்டுத்தொகை, நேரம். அஞ்சலை எழுத்துக்கூட்டி, விரலை ஓடவிட்டு, 'தேர்ச்சி' என்ற சொல்லில் நிறுத்தினார்.

"நெஜமாவா சார்?"

"நிஜம்தான்."

"இனிமே யாரும் மாத்த முடியாதா?"

"முடியாது."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை.

"அப்ப பர்மனென்ட் ஆளு எதுக்கு சார் சேத்துல எறங்கணும்?"

நடந்ததை முறைப்படி சொன்னேன். பெல்ட் நின்றது, ஆள் இல்லாதது, கிடங்கு காலியானது, அந்த வேலை தெரிந்தவர் அவர் ஒருவரே என்பது, மற்றவர்களுக்கும் அவர் கற்றுக்கொடுத்தது. ஒன்றையும் விடவில்லை. அஞ்சலை முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"சேத்துத் துணியத் தொவைக்கற வேலை இன்னியோட தீந்துதுன்னு, ஆர்டர் வந்த அன்னிக்கே அந்தத் தொவைக்கற கல்லையே பக்கத்து வூட்டுக்குக் குடுத்துட்டேன் சார்" என்றார். "ஏழாவது கேள்விக்கு நான் சொல்லிக் குடுத்த பதிலுதான் சரி. ஆளைக் கூப்புட்டுட்டுத் தள்ளி நிக்கணும். அதைப் போயி மாத்திப்புடாதீங்க."

அவர் போனபின் தட்டச்சு இயந்திரத்தின் பக்கம் திரும்பினேன். திருத்திய விடைக்குறிப்பில் ஆறாம் விடை வரை தட்டச்சு செய்து முடித்திருந்தேன். அடுத்தது ஏழு.